காஷிமாவில் இறங்கிப் பார்க்க ஒன்றும் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையை ஆசையோடு எடுத்து வைத்துப் படித்தேன். டோக்கியோ, கியோட்டோ, நாரா என்று எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்திருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் இபராக்கி மாகாணக் கடற்கரைக்கு வந்ததும் காஷிமாவை ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இரும்பாலை ஊராம், இறங்கிப் பார்க்க ஒன்றும் இல்லையாம், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு போய்விடலாமாம். படித்ததிலிருந்து அந்த வரி மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சேலத்துக்காரி. இரும்பாலை என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவள். என் கணவருக்கு இயந்திரப் பராமரிப்பு வேலை. அந்த வேலையாக 2012 கோடையில் காஷிமாவுக்குப் போய், 2015 பங்குனியில் திரும்பினோம். இடையில் கிட்டத்தட்ட மூன்று வருடம் அந்த ஊரில் குடித்தனம் செய்திருக்கிறேன். குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் போட வேண்டும் என்பது முதல், எந்தக் கடையில் மாலை ஏழு மணிக்கு மேல் மீன் விலை குறையும் என்பது வரை எனக்குத் தெரிந்த ஊர் அது.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் காஷிமா ஜிங்கு. ஜப்பானின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. முதல் பேரரசர் ஜிம்மு காலத்தில், கி.மு. 660-ல் நிறுவப்பட்டதாக அவர்கள் ஐதீகம். தெய்வத்தின் பெயர் தகேமிகாசுச்சி. இடி, வாள் இரண்டுக்கும் உரியவர், வீரர்கள் கும்பிடும் சாமி. இன்றைக்கும் ஜப்பானில் வாள்வித்தை சொல்லித்தரும் கூடங்கள் பலவற்றில் இவர் பெயர் எழுதிய சுருளைத்தான் சுவரில் மாட்டியிருப்பார்கள். 1489-ல் பிறந்த பெரிய வாள்வீரர் த்சுகஹாரா போகுதென் இந்த ஊர்ப் பிள்ளை. அந்தக் காலத்தில் கிழக்குப் பக்கத்து ஆண்களைத் தெற்கே க்யூஷூ எல்லைக் காவலுக்கு அனுப்பும்போது, அவர்கள் இந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்களாம். அதனால் வீட்டைவிட்டுப் பயணம் புறப்படுவதற்கே ஜப்பானிய மொழியில் 'காஷிமா தாச்சி' என்று ஒரு சொல் உண்டு. ஒரு மொழிக்கே சொல் கொடுத்த ஊரைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும் என்றால் எப்படி?

நாங்கள் போன புதிதில் கோயில் முகப்பு வெறிச்சென்று இருந்தது. அங்கே தோரி என்று சொல்வார்கள், நம் தோரண வாயில் மாதிரி. கருங்கல்லில் பிரமாண்டமாக நின்ற தோரி 2011 மார்ச் 11 பூகம்பத்தில் விழுந்து நொறுங்கிவிட்டது. அதே நாளில் சுனாமி துறைமுகத்துக்குள்ளும் புகுந்து கண்டெய்னர்களை அடித்துக்கொண்டு போனது. கோயிலில் கல்விளக்குகளும் சரிந்தன. முதல் நாள் நான் கும்பிடப் போனபோது வாசல் இல்லாத அந்த வெற்றிடத்தில், வாசல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்று குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனார். அவர் பின்னாலேயே நானும் குனிந்தேன்.

திரும்பவும் கல்லில் கட்டவில்லை. கோயிலின் சொந்தக் காட்டிலேயே வளர்ந்த நாலு தேவதாரு மரங்களை வெட்டி, பட்டை உரித்து, மரத்தோரியாக எழுப்பினார்கள். 2014 ஜூனில் அது நின்றது. சுமார் 10 மீட்டர் உயரம். புது மரத்தின் மஞ்சள் நிறமும் அந்த வாசனையும் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் தூண் அருகே போய் நின்றால் சாம்பிராணிக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒரு மணம் வரும். பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் அந்தத் தூணை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.

இந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் காஷிமாவைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே பாட்டி என்றே எழுதுகிறேன். என்னை 'மரிகா-சான்' என்று கூப்பிடுவார். மல்லிகா என்பதில் வரும் 'ல்லி' அவர் நாக்கில் நிற்காது. காலை ஐந்தரைக்கே கதவைத் தட்டுவார். இரண்டு பேரும் கோயில் காட்டுக்கு நடை போவோம்.

அந்தக் காட்டைப் பற்றிக் கட்டுரையாளருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். கோயில் வளாகம் சுமார் 70 ஹெக்டேர். உள்ளே நுழைந்ததும் 1634-ல் கட்டிய சிவப்பு இரண்டடுக்கு வாசல். மீட்டோவை ஆண்ட தோகுகாவா யோரிஃபுசா கொடுத்தது. மூல சன்னிதி பாதையின் முடிவில் இருக்காது, வலது கைப் பக்கம் ஒதுங்கி, வடக்கு பார்த்து இருக்கும். வழக்கமாகக் கோயில்கள் அங்கே தெற்கு பார்த்து இருக்கும். வடக்கே இருந்த அடங்காத நாட்டைப் பார்த்துக் காவல் இருக்கிற சாமி என்பதால் இப்படி என்று சொல்வார்கள். இப்போதுள்ள மூல சன்னிதி 1619-ல் அன்றைக்கு நாட்டை ஆண்ட ஷோகுன் ஹிதேதாதா கட்டியது. அதற்கு முன் அவர் அப்பா இயேயாசு 1605-ல் கட்டித் தந்த சன்னிதியை இடிக்காமல், காட்டுக்குள் நகர்த்தி வைத்துவிட்டார்கள். அதுதான் இன்றைய உள்சன்னிதி. வழியில் வேலிக்குள் மான்கள். நாராவில் மான்களோடு போட்டோ எடுத்துக்கொள்ளாத தமிழர் இல்லை, உங்கள் கட்டுரையிலும் அந்தப் படம் இருந்தது. அந்த மான்களின் பூர்வீகம் காஷிமா என்பதுதான் ஐதீகம். 768-ல் காஷிமா சாமி வெள்ளை மானில் ஏறி நாராவுக்குப் போனார் என்று அங்கே நம்புகிறார்கள்.

உள்சன்னிதியிலிருந்து இடது பக்கம் சரிவில் இறங்கினால் மிதராஷி குளம். தரைக்கு அடியிலிருந்து ஊற்று பொங்கிக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு 4 லட்சம் லிட்டருக்கு மேல் என்று கணக்கு சொல்கிறார்கள். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியும் தண்ணீர். பெரியவர் இறங்கினாலும் சிறுவர் இறங்கினாலும் தண்ணீர் மார்பளவே நிற்கும் என்பது ஊர்ப்பேச்சு. ஜனவரி மாதக் கடுங்குளிரில் அதில் இறங்கி முங்கி எழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்கழி விடியலில் காவிரிக்குள் இறங்கும் நம் பாட்டிமார் முகத்தில் வருமே ஒரு தீர்மானம், அதே தீர்மானம்.

வலது பக்கம் போனால் கனாமே இஷி. நான் அதிகம் சொல்ல நினைப்பது இந்தக் கல்லைப் பற்றித்தான்.

மரங்களுக்கு நடுவே சின்னக் கல்வேலி, ஒரு சின்னத் தோரி. உள்ளே எட்டிப் பார்த்தால் மண்ணுக்கு மேல் கொஞ்சமே தலை நீட்டிய ஒரு கல், நடுவில் லேசாகக் குழிந்து, தேய்ந்த ஆட்டுக்கல் மாதிரி. குழியில் சில்லறைக் காசுகள். அவ்வளவுதான். முதல் தடவை பார்த்தபோது 'இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்தோம்' என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். பாட்டி சிரிக்கவில்லை. கையைக் கூப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார். பூமிக்கு அடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் படுத்திருக்கிறது. அது வாலை அசைத்தால் பூகம்பம். அதன் தலையை அழுத்திப் பிடித்திருப்பது இந்தக் கல். நமக்குத் தெரிவது நுனி மட்டும், மீதியெல்லாம் உள்ளே. மீட்டோ பிரபு மித்சுகுனி ஒரு தடவை அடியைப் பார்த்துவிடுவது என்று ஏழு நாள் தோண்டச் சொன்னாராம். அடி தெரியவே இல்லையாம்.

ஆதிசேஷன் தலையை மாற்றி வைத்தால் பூமி அதிரும் என்று சின்ன வயதில் என் ஆச்சி சொன்னதைப் பாட்டிக்குச் சொன்னேன். பாம்பா என்று வியந்து, அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் பிடிக்கவில்லை, அதுதான் நம்மைத் தாங்குகிறது என்றேன். பாட்டி வெகுநேரம் அதை யோசித்துக்கொண்டே நடந்தார்.

1855-ல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், பெரிய பூகம்பம் வந்தது. அது அவர்கள் பழைய நாட்காட்டியில் பத்தாம் மாதம். அந்த மாதத்தில் எல்லாத் தெய்வங்களும் மேற்கே இசுமோ என்ற ஊர்க் கோயிலில் கூடுவதற்காக ஊரைவிட்டுப் போய்விடும் என்பது நம்பிக்கை. அதனால் காஷிமா சாமி ஊரில் இல்லாத நேரம் பார்த்து மீன் திமிறிவிட்டது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். கெளுத்தி மீனையும் சாமியையும் வரைந்த அச்சுப்படங்கள் எடோ தெருக்களில் விற்றுத் தீர்ந்தன. வீடு இடிந்து கிடந்த ஜனங்கள் கையில் காசு கொடுத்து வாங்கிய படங்கள் அவை. "2011-ல் கல் பிடிக்கவில்லையா?" என்று நான் பாட்டியிடம் கேட்டதுண்டு. கேட்டிருக்கக் கூடாதோ என்று கேட்டபின் தோன்றியது. "பிடித்ததால்தான் இவ்வளவோடு போனது" என்றார். அந்த வருஷம் அவர் வீட்டில் அலமாரிகள் எல்லாம் சாய்ந்து, தண்ணீர் இல்லாமல் பல நாள் இருந்திருக்கிறார்கள்.

சரி, புகைபோக்கிகளுக்கு வருகிறேன். கட்டுரையாளர் பார்த்தது பொய் இல்லை. இரும்பாலை இருக்கிறது, தெற்கே கமிசு பக்கம் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவை அங்கே எப்படி வந்தன என்று தெரிந்தால், அந்தப் புகைபோக்கிகளைப் பார்க்கவே ஒரு நாள் இறங்கலாம்.

1960 வரை அது மணல்மேடும் பைன் மரமுமாகக் கிடந்த கடற்கரை. பாட்டியின் புகுந்த வீட்டில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் நிலக்கடலையும் போட்டிருக்கிறார்கள், காற்றடித்தால் மணல் வந்து மூடிவிடுமாம். அப்போது மாகாண ஆளுநராக இருந்த இவாகாமி நிரோ விவசாயமும் தொழிலும் சேர்ந்தே செழிக்க வேண்டும் என்று முழங்கி, அந்த மணலைக் குடைந்து துறைமுகம் வெட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தார். இயற்கையாக வளைகுடா எதுவும் இல்லாத நேர்கோட்டுக் கடற்கரை அது. கடலைத் தரைக்குள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். 1963-ல் வேலை ஆரம்பம், 1969-ல் துறைமுகம் திறப்பு. மேலிருந்து பார்த்தால் கவட்டைக் குச்சி மாதிரி இரண்டாகப் பிரியும் நீர்வழி. வெட்டிய மணலைக் கொண்டு கோனோ-இகே என்ற ஏரியின் பெரும்பகுதியைத் தூர்த்து ஆலைகளுக்கு நிலம் ஆக்கினார்கள். உலகத்தில் மனிதர் வெட்டிய மிகப் பெரிய துறைமுகங்களில் அது ஒன்று.

நிலம் எடுத்த முறைதான் என்னை யோசிக்க வைத்தது. ஒருவருக்குப் பத்துப் பங்கு நிலம் இருந்தால் நாலு பங்கைத் திட்டத்துக்கு விலைக்குக் கொடுக்க வேண்டும், மீதி ஆறு பங்குக்கு வேறு இடத்தில் மாற்று நிலம் தருவார்கள். 'காஷிமா முறை' என்றே அதற்குப் பெயர். பாட்டி வீட்டிலும் அப்படித்தான் கொடுத்தார்கள். "ஆறு பங்கு வந்தது, ஆனால் கிணறு வரவில்லை, மாமியார் நட்ட மரம் வரவில்லை" என்றார். கைக்கு வந்த பணத்தில் வீடு கட்டியவர்களும் உண்டு, குடித்தே தீர்த்தவர்களும் உண்டு. 1970-களில் காயப்போட்ட துணியில் கந்தக வாடை ஏறிப்போகும் என்று சொன்னார். தன் மகன் அதே ஆலைச் சம்பளத்தில்தான் படித்து ஆளானான் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

விவசாயமும் சேர்ந்து என்றார்களே, அது வெறும் பேச்சாகப் போய்விடவில்லை. ஜப்பானிலேயே குடைமிளகாய் அதிகம் விளையும் இடம் கமிசு. ஆலை வேலியிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பசுமைக்குடில்கள் ஆரம்பித்துவிடும். வழியோரத்தில் பை நிறையக் குடைமிளகாயை வைத்துவிட்டு, பக்கத்தில் உண்டியல் மாதிரி ஒரு டப்பா வைத்திருப்பார்கள். காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் அதில் செய்த பொரியலும் சட்னியும் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்குப் போகும்.

அப்புறம் கால்பந்து. ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான ஜே லீக் ஆரம்பிக்கப்போகும் நேரத்தில் காஷிமா சுமார் 45,000 பேர் இருந்த சின்ன ஊர். இரும்பாலையின் அணி இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. உங்களுக்கு வாய்ப்பே இல்லை, கூரை போட்ட 15,000 பேர் உட்காரும் மைதானம் கட்டினால் வேண்டுமானால் பார்க்கலாம் என்று லீக் பொறுப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். கட்டியே விட்டார்கள். பிரேசிலின் ஜீக்கோ 1991-ல் வந்து சேர்ந்தார். 1993 மே 16 முதல் ஆட்டத்தில் நகோயாவை 5-0 என்று அடித்தார்கள், அதில் மூன்று கோல் ஜீக்கோ போட்டது. அணியின் பெயர் 'ஆன்ட்லர்ஸ்', மான்கொம்பு. கோயில் மானின் கொம்பேதான். சீசன் ஆரம்பிக்கும் முன் வீரர்கள் கோயிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுத்தான் ஆடப்போவார்கள். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த பாட்டி கருஞ்சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். அந்த மைதானத்தில் விற்கும் குடல் குழம்பு வெகு பிரசித்தம். கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் அந்தக் குளிருக்கு விரல்கள் உயிர் பெறும்.

இப்போது நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காஷிமா ஆலையில் இருந்த இரும்பு உருக்கும் இரண்டு ஊதுலைகளில் ஒன்றை நிறுத்தப்போவதாக 2021-ல் அறிவித்தார்கள். 2025 மார்ச்சோடு அது நின்றது. பாட்டியின் மகன் போனில் என் கணவரிடம் அதைச் சொன்னபோது, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சாவு செய்தி வந்த மாதிரி இருந்தது. ராத்திரியில் எங்கள் மாடி ஜன்னலிலிருந்து தெற்கே வானம் சிவந்து தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். துறைமுகத்தைக் கடலில் நிறுத்தும் காற்றாலைகளுக்கு உதவும் தளமாக்கும் வேலை நடக்கிறது என்று மகன் சொன்னார். 2011 சுனாமியில் கமிசு கடலோரம் நின்ற காற்றாலைகள் அசையாமல் தாங்கின, அந்த நம்பிக்கை அவர்களுக்கு இருக்கிறது. ஆனாலும் ஆலையை நம்பிக் கடை வைத்தவர்கள், வாடகைக்கு வீடு விட்டவர்கள் என்று ஒரு ஊரே கவலையில் இருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் 'இரும்பாலை ஊர், வேறொன்றும் இல்லை' என்று நாம் எழுதினால், ஆலை சுருங்கச் சுருங்க அந்த ஊரே இல்லை என்று ஆகிவிடாதா? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து ஜப்பான் பற்றி எழுதும்போது காஷிமாவுக்கு ஒரு முழுப் பத்தியாவது கொடுங்கள். டோக்கியோ ஸ்டேஷனின் யாயெசு வாசலிலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது, இரண்டு மணி நேரம்தான். காலையில் போய்க் காட்டை நடந்து முடித்து, குளக்கரைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, மத்தியானம் கமிசுவில் துறைமுகப் பூங்காக் கோபுரத்தில் ஏறிக் கப்பல்களைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் டோக்கியோ திரும்பிவிடலாம். இன்னொரு காஷிமா சாகா மாகாணத்தில் இருக்கிறது, ரயில் டிக்கெட் எடுக்கும்போது கவனம். 1995-ல் இந்தக் காஷிமா நகரமானபோது, அந்த ஊரோடு குழம்பக் கூடாது என்றே பெயரில் ஓர் எழுத்தை வேறு வடிவத்தில் எழுதிக்கொண்டார்கள்.

போக முடிந்தவர்கள் 2026 செப்டம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, குதிரை ஆண்டில், சாமி பல்லக்கில் வந்து டிராகன் தலை வைத்த பெரிய படகில் ஏறி, கொடி கட்டிய படகுகள் சூழ ஏரி வழியாகக் காத்தோரி கோயில் சாமியைச் சந்திக்கப் போவார். 2014 செப்டம்பரில் நான் கிதாவுரா ஏரிக் கரையில் நின்று அதைப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி, நீண்ட மூங்கில்களில் கொத்துக் கொத்தாகக் காகித விளக்குகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து கோயில் வாசலில் போட்டு எரித்தார்கள். கன்னத்தில் அந்த அனல் பட்டது. மறுநாள் படகு கரையைவிட்டு நகர்ந்தபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை வரும்போது நீ இங்கே இருக்கமாட்டாய் என்றார். வருவேன் என்று சொன்னேன்.

அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். என் கணவரும் நானும் மாதாமாதம் எடுத்து வைத்த பணம் விமான டிக்கெட்டுக்குப் போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. போன வாரம் போனில், மரிகா செப்டம்பரில் வருகிறாள் என்று பாட்டி காதில் சத்தமாகச் சொல்லும்படி அவர் மகனிடம் சொன்னேன். சொன்னார். அந்தப் பக்கம் பாட்டி, எத்தனை பேர் வருகிறார்கள், அரிசி எவ்வளவு வாங்கிவைக்க வேண்டும் என்று கேட்டது எனக்கே கேட்டது.

இப்படிக்கு,
மல்லிகா
சேலம்